கட்டுரையின் முதல் பெயர்

சிவசங்கரி பாத்திரம் கழுவினவள் என்று அச்சடித்து உலகம் முழுவதற்கும் அனுப்பிவிட்டார் கோதண்டபாணி. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: ஆய்வகக் கண்ணாடிப் பொருட்களைச் சுத்தம் செய்து உதவிய செல்வி சிவசங்கரிக்கு நன்றி. அந்தக் கட்டுரை பதினோரு பக்கம். பதினோரு பக்கமும் அவள் நான்கு வருஷம் நின்றுகொண்டே செய்த வேலை.

கோதண்டபாணி அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. விருத்தாசலத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளியிருந்த கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அவருடைய துறை உலோகங்களின் அணைவுச் சேர்மங்கள். நடுவில் ஓர் உலோக அணு இருக்கும்; அதை நண்டு கவ்வினமாதிரி இன்னொரு பொருள் சுற்றிப் பிடித்திருக்கும். அப்படிப் பிடிபட்ட உலோகம் சில சமயம் வினையூக்கியாகிவிடும். தான் துளியும் தீராமல் பக்கத்தில் இருப்பதை வேறொன்றாக மாற்றிவிடும். தாமிரமும் இரும்பும் இதைச் செய்யும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. துத்தநாகம் செய்யாது என்றும் இருக்கிறது. ஆனால் சிவசங்கரி செய்த துத்தநாகச் சேர்மம் செய்தது. பென்சைல் ஆல்கஹாலில் அதை ஒரு சிட்டிகை போட்டு, லேசாகச் சூடேற்றி, வெறும் காற்றை உள்ளே விட்டாள். அரை மணி நேரத்தில் அறை முழுக்கப் பாதாம் வாசனை. ஆல்கஹால் ஆல்டிஹைடாக மாறிவிட்டது. துத்தநாகம் மலிவு, நஞ்சில்லாதது. மருந்துக் கம்பெனிகள் தேடி வரக்கூடிய சங்கதி அது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா ராஜாங்கம் செத்துப்போனார். மூன்று வாரம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பினபோது அவளுடைய சோதனை நோட்டு அலமாரியில் இல்லை. கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேலையைச் செய்தவருக்கு உரிய முதல் பெயர் நந்தகுமார். அவன் கோதண்டபாணியின் மருமகன். ஆய்வகத்தில் அவன் தொட்டதெல்லாம் மின்விசிறியின் சுவிட்ச் மட்டும்தான்.

"உன் பேரை அடுத்த கட்டுரைல போட்டுக்கலாம்மா. அவனுக்கு இன்டர்வியூ இருக்கு, அதான்" என்றார்.

"அது என் வேலை சார்."

"என் லேபு, என் கெமிக்கல், என் ஐடியா. உன்னுது என்ன? கைதானே?"

அவள் குரலை உயர்த்தினாள். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அவளுடைய ஆண்டறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. பதிவு ரத்தானது. நந்தகுமாருக்கு வேலை கிடைத்தது. சிவசங்கரி ஒரு டிரங்குப் பெட்டியோடு விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். அந்தக் கட்டுரையில் தன் பெயர் முதலில் வரவேண்டும். அந்த ஆள் மண்ணைக் கவ்வவேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஊரில் ஒரு பீங்கான் கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. டீக்கப்பையும் தட்டையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவற்றில் வினிகர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். பூச்சிலிருந்து ஏதாவது உலோகம் கழன்று வினிகரில் இறங்கியிருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பார்கள். போன ஆடி மாதம் ஒருநாள் ஒரு ஜோடிக் கிண்ணம் தோற்றுப்போனது. வெள்ளைக் கிண்ணம், விளிம்பிலும் உள்ளேயும் நீலக்கோடு. காகிதத்தில் வந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோபால்ட். நீலத்துக்காகப் பூச்சில் சேர்க்கும் உலோகம். சூளையின் அடிமூலையில் சூடு பத்தாமல் வெந்த சரக்கு என்பதால் அது கண்ணாடியாக இறுகவில்லை. புளிப்புப் பட்டதும் இறங்கிவிட்டது.

அந்தக் கிண்ணத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அம்மா அம்புஜவல்லி ஒரு பட்டறையில் அதற்குத்தான் நீலக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கழிவுச் சரக்கு என்று ஒதுக்கினவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவாள். கல்லூரி ஆய்வகத்தில் நல்ல கிண்ணங்களையெல்லாம் கோதண்டபாணி தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்ததால், சிவசங்கரி வீட்டிலிருந்து ஆறு நீலக்கோட்டுக் கிண்ணங்களைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தாள். துத்தநாகச் சேர்மத்தை அவற்றில்தான் காயவைத்தாள். கொஞ்சம் அசிட்டிக் அமிலத்தோடு.

நோட்டில் "கிண்ணத்தில் காயவைத்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தாள். எந்தக் கிண்ணம் என்று யார் எழுதுவார்கள்? வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பாள். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் பிறந்தவளுக்கு அதன்மேல் சந்தேகம் வராது. வருஷம் முழுக்க எலுமிச்சை ஊறுகாய் கிடந்தும் ஒன்றும் ஆகாத ஜாடியைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பீங்கான் எதிலும் கலக்காது, எதையும் கலக்கவிடாது என்பது அவளுக்குப் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம்கூட இல்லை.

வீட்டுக் கிண்ணம் ஒன்றிலும் அமிலம் ஊற்றிச் சோதித்து அன்றைக்கே உறுதிப்படுத்திக்கொண்டாள். வெளிறிய மஞ்சளாக இருக்கவேண்டிய தன் சேர்மம் ஏன் லேசான பழுப்பாக இருந்தது என்பது இப்போது புரிந்தது. நண்டு துத்தநாகத்தை மட்டும் கவ்வவில்லை. கிண்ணத்திலிருந்து கோபால்ட்டையும் பிடுங்கியிருக்கிறது. வேலை செய்தது அந்தத் துளிக் கோபால்ட். கோபால்ட் இதைச் செய்யும் என்பது ஐம்பது வருஷப் பழைய சேதி. துத்தநாகம் சும்மா நின்றிருந்தது, நந்தகுமார் மாதிரி.

ஆக, அவள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. கோதண்டபாணி திருடினதும் ஒன்றுமில்லை.

முதலில் அழுகை வந்தது. கம்பெனி வாசலில் போய் ஒரு டீ குடித்தாள். பாதி டீயில் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர், "என்னம்மா, போனஸ் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். "அதவிடப் பெருசுண்ணே" என்றாள். கோதண்டபாணி அந்தக் கட்டுரையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். பேசட்டும், இன்னும் உயர ஏறட்டும் என்று சிவசங்கரி வாயை மூடிக்கொண்டாள். வீட்டு அடுப்படியிலிருந்த நீலக்கோட்டுக் கிண்ணங்களை மட்டும் எடுத்து வாசலில் கோலமாவு போட வைத்தாள்.

மாசி மாதம் ஒரு போன் வந்தது.

"அக்கா, என் பேரு ஜெசி. பெண்ணாடம். கோதண்டபாணி சார்கிட்ட ரிசர்ச்சுக்குச் சேந்து ரெண்டு வருசம் ஆவுதுக்கா. உங்க நம்பர ஆபீஸ் ரெஜிஸ்டர்ல பாத்து எடுத்தேன்."

"என்ன வேணும்?"

"அந்த ஜிங்க் காம்பவுண்டுக்கா. எனக்கு வரவே மாட்டேங்குது. நந்தகுமார் சாரக் கேட்டா, பேப்பர்ல இருக்கு பாருங்கறாரு. கிளமெண்ட் அண்ணன் லேபத் தொடைக்கறப்ப சொன்னாரு, அதெல்லாம் சிவசங்கரி பொண்ணு பண்ணதுன்னு. எதுல தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. எங்க வூட்ல கல்யாணத்துக்கு நெருக்கறாங்க. இந்த வருசமும் ஒண்ணும் காட்டலன்னா எங்கப்பா நிறுத்திடுவாரு."

எதில் காயவைக்கிறாய் என்று கேட்டாள் சிவசங்கரி. கண்ணாடி பீக்கரில் என்றாள் ஜெசி. அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்தப் பெண்ணிடம் சொன்னால் அடுத்த மணி நேரத்தில் அது கோதண்டபாணியின் காதுக்குப் போகும். அவர் சத்தமில்லாமல் கிண்ணத்தை மாற்றிக்கொள்வார்.

"திரும்பப் பண்ணிப் பாரு. பொறுமையா பண்ணு, வரும்" என்றாள்.

"சரிக்கா. தேங்க்ஸுக்கா" என்று அந்தப் பெண் நிஜமான நன்றியோடு வைத்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டபாணியே காரில் வந்து இறங்கினார். அம்புஜவல்லி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏ சிவா, ஒங்க சாரு கார்ல வந்துருக்காரு. டீ போடவா, கதவச் சாத்தவா?"

"டீயே போடும்மா."

அவர் வாசலில் கோலமாவுக் கிண்ணத்தைச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். சிவசங்கரி அதைப் பார்த்தாள். அந்த ஒரு தள்ளுக்காகவே பத்து மாதம் காத்திருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.

"அப்பா தவறினப்ப வர முடியாமப் போச்சு" என்று ஆரம்பித்தார்.

"மூணு வருசம் ஆச்சுங்க சார். இப்பவாவது வழி தெரிஞ்சுதே" என்று டம்ளரை நீட்டினாள் அம்புஜவல்லி.

சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து ஆனி மாதம் ஆட்கள் வருகிறார்கள். சேர்மத்தைத் தங்கள் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்கிறார்கள். காட்டினால் கல்லூரியில் ஒரு புது ஆராய்ச்சி மையம், அவர்தான் இயக்குநர். காட்டாவிட்டால் அடுத்த வருஷம் சாதாரணமாக ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"ஜெசிக்கு உன் கைப்பக்குவம் வரலம்மா."

"நான் கிளாசு கழுவுன பொண்ணு சார். எனக்கென்ன பக்குவம்?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு, "என்ன வேணும், சொல்லு. டாக்டரேட்டா? பதிவப் புதுப்பிச்சுத் தரேன்" என்றார்.

"பேரு சார். முதல் பேரு. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுங்க."

"செஞ்சு காட்டினதும் எழுதறேன்."

"எழுதி வந்ததும் செஞ்சு காட்டறேன்."

கடிதத்தை அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள். நோட்டில் ஏழு தடவை அடித்துத் திருத்தின கடிதம். இக்கட்டுரையிலுள்ள எல்லாச் சோதனைகளையும் செய்தவர் சிவசங்கரி ஒருவரே. மற்ற ஆசிரியர்கள் எவரும் எந்தச் சோதனையும் செய்யவில்லை. அவர் பெயர் விடுபட்டது எங்கள் தவறு. ஆங்கிலத்தில் சுத்தமாகத் தட்டச்சடித்திருந்தது.

கோதண்டபாணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "எவரும் செய்யவில்லைங்கறது எதுக்கு? மாப்பிள்ளைக்குச் சங்கடம்."

"அந்த வரி இல்லன்னா நான் இல்ல சார்."

"ரொம்ப மாறிட்டம்மா நீ."

"உக்காந்து யோசிக்க நேரம் கெடச்சுது சார்."

கையெழுத்துப் போட்டார். நந்தகுமாரின் கையெழுத்தும் நான்கு நாளில் வந்தது. வைகாசிக் கடைசியில் திருத்தம் வெளியானது. சிவசங்கரி செல்போனில் அம்மாவுக்குக் காட்டினாள்.

"இதுதானா? இத்துனூண்டு இருக்குது" என்றாள் அம்புஜவல்லி. ஆனால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். "ஒங்கப்பா பேரும் இருக்குதா இதுல?"

"ஆர். சிவசங்கரின்னு இருக்குதுல்ல. அந்த ஆர் அப்பாதான்."

அன்றைக்கு மதியம்தான் சிவசங்கரி தடுமாறினாள். பேர் வந்துவிட்டது. இப்போது பேசாமல் ஒரு கிண்ணத்தை எடுத்துப்போய் அவர்களுக்குப் பாதாம் வாசனை காட்டினால் டாக்டர் பட்டமும் வந்துவிடும். அந்த ஆளை இழுத்துக் கீழே தள்ள வேண்டுமானால் அவரோடு சேர்ந்து தன் பேரும் விழும். முதலில் இருப்பது அதுதான், முதலில் விழுவதும் அதுதான். அப்பாவின் எழுத்து உட்பட. பட்டறைப் பெண்கள் பேசிக்கொண்டே வீதியில் போனார்கள். அவர்கள் சத்தம் அடங்குகிறவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்த நன்றி வரியை இன்னொரு தடவை படித்தாள். அதை யாரும் எடுக்கவில்லை. திருத்தத்திலும் அது அப்படியேதான் இருந்தது. அவர் மனதில் அவள் இன்னும் பாத்திரம் கழுவுகிறவள்தான். காரியம் ஆகவேண்டும் என்பதற்காகப் பேரைத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

அடுத்த நாள் பீங்கான் கம்பெனியிலிருந்த கிண்ணங்களின் சோதனை எண்களை எடுத்துத் தனியாக எழுத ஆரம்பித்தாள்.

ஆனி மாதம் மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை அவள் கல்லூரிக்குப் போனாள். ஆய்வகத்தில் கோதண்டபாணியும் ஜெசியும் இருந்தார்கள். ஜெசி ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, சிவசங்கரி கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானாக்கா?" என்றாள்.

சிவசங்கரி சேர்மத்தை இரண்டு பாகமாகப் பிரித்தாள். ஒன்றைக் கண்ணாடியில் காயவைத்தாள். இன்னொன்றைப் பையிலிருந்து எடுத்த நீலக்கோட்டுக் கிண்ணத்தில். இரண்டையும் தனித்தனியாகப் பென்சைல் ஆல்கஹாலில் போட்டுக் காற்றை விட்டாள். அரை மணி நேரம் போனது. முதல் குடுவையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் மெல்லப் பழுப்பேறி, பாதாம் வாசனை கிளம்பியது.

"வந்துருச்சு!" என்று கோதண்டபாணி எழுந்தேவிட்டார். "எப்படிம்மா? ரெண்டும் ஒரே பவுடர்தானே?"

சிவசங்கரி கிண்ணத்தைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

எப்படியிருந்தாலும் அவர் வேதியியல்காரர். விரலால் நீலக்கோட்டைத் தடவினார். பத்து விநாடிகூட ஆகவில்லை. முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"கோபால்ட்டா?"

"கோபால்ட்டு சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் வேறொரு கணக்கு ஓடுவதை சிவசங்கரி பார்த்தாள், அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"நாளைக்கு இந்தக் கிண்ணத்த வச்சே காட்டிடலாம்" என்றார் தணிந்த குரலில். "இங்க இருக்கறது நாம மூணு பேரு. வெளிய போகாது. ஜெசி, உன் தீசிஸும் முடிஞ்சுரும்."

"பத்திரிகைக்குக் காலையிலயே எழுதிட்டேன் சார். கட்டுரைய வாபஸ் வாங்கச் சொல்லி. கிண்ணத்தோட ரிசல்ட்டையும் சேத்து அனுப்பியிருக்கேன். மருந்துக் கம்பெனிக்கும் ஒரு காப்பி போயிருச்சு."

"நீ யாரு அத எழுத?"

"முதல் ஆசிரியர் சார். எல்லாச் சோதனையும் நான் ஒருத்திதான் செஞ்சேன், வேற யாரும் செய்யலன்னு நீங்களும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீங்க. நான் தப்புன்னு சொன்னா இல்லங்கறதுக்கு இனிமே ஆளு கெடையாது."

அவர் எழுந்தார். கிண்ணத்தை மேசைமேல் வைக்கப் பார்த்து, விளிம்பில் இடித்தார். "உன் பேரும்தானே சேந்து நாறும்? அத நெனச்சியா?"

"நாறட்டும் சார். ரெண்டு பேரும் ஒண்ணாவே நாறுவோம். என் பேருதான் முன்னாடி."

அவர் அப்புறம் கெஞ்சினார். ஒரு வாரம் மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னார். மருமகன் வேலைக்கு ஆபத்து, பெண் வாழ்க்கை என்றார். சிவசங்கரி குடுவைகளைக் கழுவாமல் அப்படியே மேசையில் விட்டுவிட்டு வெளியே வந்தாள். நடக்கும்போது உடம்பு காய்ச்சல் விட்ட மாதிரி லேசாக இருந்தது. இவ்வளவு இனிக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

மதிய ரயிலில் ஜெசியும் ஏறினாள். பெண்ணாடம்வரை ஒரே வழி. இரண்டு பேரும் சன்னல் ஓரம் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். சிவசங்கரி பையைத் திறந்து, மீதியிருந்த ஐந்து கிண்ணங்களையும் தன் குறிப்புகளையும் எடுத்தாள்.

"இத வச்சிக்க ஜெசி. சரியா வேகாத பூச்சுலேருந்து ஒரு சேர்மம் எப்படி உலோகத்தப் பிடுங்குதுங்கறத இதுவரைக்கும் யாரும் ஒழுங்கா பாக்கல. இதுலயே ஒரு தீசிஸ் இருக்குது. வேற கைடு கெடச்சா ஒன்றரை வருசத்துல முடிச்சிரலாம்."

ஜெசி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அரியலூர் தாண்டுகிறவரை குறிப்புகளைப் புரட்டினாள்.

"இது கிண்ணம்தான்னு உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நம்பியிருப்பாள்.

"போன ஆடி" என்றாள் சிவசங்கரி.

ஜெசி விரலை மடக்கி எண்ணினாள். "நான் போன் பண்ணது மாசிலக்கா."

"ஆமாம்."

"திரும்பப் பண்ணுன்னு சொன்னீங்க. நாப்பத்தாறு தடவ பண்ணேன். ஈஸ்டருக்கு வூட்டுக்குப் போவல. எங்கம்மா உபகாரமேரி போன்ல அழுதாங்க. என் கைதான் சரியில்ல, எனக்குத்தான் அறிவில்லன்னு..." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த ஆளு தெரியாமதான் என்னய அலைய விட்டாரு. நீங்க தெரிஞ்சே விட்டீங்க."

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சுரும்னு நெனச்சேன் ஜெசி."

"நான் அவருகிட்ட சொல்லுவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா? ஒரு தடவ கேட்டீங்களா?"

பெண்ணாடம் வந்தது. ஜெசி எழுந்தாள். கிண்ணங்களையும் குறிப்புகளையும் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று சிவசங்கரி நினைத்தாள். அவள் கொடுக்கவில்லை, தன் பையில் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"இத நான் பண்ணத்தான் போறேன். ரெண்டு வருசத்துக்கு மேல விட்டுருக்கேன்ல. ஆனா இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க" என்றாள். 'அக்கா' வரவில்லை. இறங்கிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி நகர்ந்தது. தண்டவாளம் தடதடத்தது. கோதண்டபாணியின் சாம்பல் முகத்தைச் சிவசங்கரி மறுபடி நினைத்துப் பார்த்தாள். இன்னும் இனித்தது, ஆனால் அதைத் தனியாக நினைக்க முடியவில்லை, பக்கத்திலேயே கருவளையக் கண்களும் வந்து நின்றன. மாசி மாதம் அந்தப் போன் திரும்ப வந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாயா என்று தன்னையே கேட்டாள். ஆமாம் என்று சொல்லிக்கொள்ள ரொம்ப முயன்றாள். நான்கைந்து தடவை கேட்டும் ஒரே பதில்தான் வந்தது. இல்லை.

விருத்தாசலம் வந்தபோது கதவோரம் கூட்டம் நெருக்கியது. பின்னால் நின்ற அம்மாள், "எறங்குறியா, இல்லியாம்மா?" என்று முதுகில் தட்டினாள். சிவசங்கரி இறங்கினாள்.